ஏழு தண்ணீர் விட்டுக் கழுவிய அரிசி

எனக்கு வந்தது பேய் இல்லை. காற்றுக் கருப்பும் இல்லை. பிள்ளை பெற்றவளுக்கு வரும் பால் சன்னி என்றும் சிலர் சொன்னார்கள், அதுவும் இல்லை. என் உடம்பில் ஒரு வைட்டமின் தீர்ந்துபோனது, அதனால் மூளை தடுமாறியது, ஊசி போட்டார்கள், எழுந்தேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எங்கள் தெருவில் என்னைப் பற்றிச் சுற்றும் கதைகளில் இது ஒன்றுதான் கிடையாது.

எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் தயங்கினேன். அம்மாவைக் குற்றம் சொன்னதுபோல் ஆகிவிடுமோ என்று ஒரு பயம். எழுதாவிட்டால் இன்னொரு வீட்டில் இன்னொரு பெண்ணுக்கு இதே ஆகுமே என்று இன்னொரு பயம். இரண்டாவது பயம்தான் பெரிதாக இருந்தது. படிக்கிறவர்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

என் பெயர் ரேவதி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பம்ப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை பார்த்தேன். என் கணவர் சுகுமாருக்கு அதே பேட்டையில் வேறு ஒரு ஆலையில் ஷிப்ட் வேலை. கர்ப்பமானதும் நான் வேலையை விட்டேன், விட வேண்டியதாயிற்று. அப்படி ஒரு வாந்தி. தாளிக்கிற வாசம், பஸ் புகை, சுகுமாரின் யூனிஃபார்மில் ஒட்டிய எண்ணெய் வாசம், எது வந்தாலும் குடலே வெளியே வரும். மூன்றாம் மாதத்தோடு நிற்கும் என்றார்கள். எனக்கு வயிறு நன்றாகப் பெருத்த பிறகும் நிற்கவில்லை. ரஸ்க்கும் ஜவ்வரிசிக் கஞ்சியும் மட்டும்தான் கொஞ்சம் தங்கின. ‘வாந்தி நல்லதுதான், பிள்ளை தலைமுடியோடு பிறக்கும்’ என்று எல்லாரும் சிரித்ததால் நானும் சிரித்தேன். டாக்டரிடம் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

பெண் குழந்தை பிறந்தாள். சுகப் பிரசவம். வழக்கப்படி பொன்னேரிக்கு, அம்மா வீட்டுக்குப் போனேன்.

அம்மாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். சின்ன வயதில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள் அவள். காலையிலும் கேழ்வரகுக் கூழ், இரவிலும் கேழ்வரகுக் கூழ். அரிசிச் சோறு அறுவடைக்கும் கல்யாணத்துக்கும்தான். அவள் நட்ட நெல்லை அவள் தின்றதில்லை. பின்னால் பாக்கிங் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, கையில் சம்பளம் என்று ஒன்று வந்த பிறகு அவள் வைராக்கியமாகச் செய்த முதல் காரியம் கேழ்வரகை வீட்டை விட்டே துரத்தியது. எங்கள் வீட்டில் கூழ்ப் பானை கிடையாது. என்னை அரிசிச் சோற்றில் வளர்த்தாள், படிக்க வைத்தாள். அவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

என் பிரசவத்துக்காக ஒரு மூட்டை அரிசி தனியாக வாங்கி வைத்திருந்தாள். பச்சரிசி. மில்லில் சொல்லி இரண்டு தடவை பாலிஷ் போட்டது. கையில் அள்ளினால் வழுக்கும்.

“பாத்தியா, மல்லிப்பூ மாதிரி கீது” என்று என் படுக்கையருகே கொண்டுவந்து காட்டினாள். “எம்பொண்ணு பத்தியத்துக்கு இதுதான்.”

அந்த அரிசியை ஏழு தண்ணீர் விட்டுக் கழுவுவாள். கழுவிய தண்ணீர் பளிங்கு மாதிரித் தெளியும்வரை விடமாட்டாள். பிறகு நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சியை ஒட்ட வடிப்பாள். கஞ்சி மந்தமாம், பக்கத்து வீட்டு எருமைக்குப் போய்விடும். அந்தச் சோற்றில் மிளகு ரசம், சுட்ட பூண்டு. முதலில் கருவாடும் சுறாப்புட்டும் இருந்தன. குழந்தைக்கு வயிற்றால் போனது, உடனே இரண்டும் நின்றன. பருப்பு வாயு. கீரை குளிர்ச்சி. பழம் சளி. சாப்பிட்டதும் வெற்றிலை பாக்கு, செரிமானத்துக்கு. நான் படித்தவள். ஆனால் குழந்தைக்கு ஒன்று என்றால் என் படிப்பு முழுவதும் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அம்மா சொன்னதை ஒன்று விடாமல் செய்தேன்.

முதலில் கண்தான் காட்டிக்கொடுத்தது. குழந்தையைப் பார்த்தால் இரண்டு குழந்தை தெரிந்தது. தூக்கம் போதவில்லை என்று நினைத்தேன். பிறகு நடை. குளியலறைக்குப் போகும்போது தரை படகு மாதிரி ஆடியது, சுவரைத் தடவிக்கொண்டே போனேன்.

“ரெத்தம் போன ஒடம்பு, அப்டித்தான் இருக்கும்” என்றாள் அம்மா. “இன்னும் ரெண்டு வாய் துன்னு.”

தின்றேன். இன்னும் ஆடியது. பிறகு சோறே இறங்காமல் போனது. தெருமுனையில் இருந்த கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்கள். பலவீனம் என்று குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினார்கள். எங்கள் பக்கம் யாருக்கு எது வந்தாலும் முதலில் ஒரு பாட்டில்; ஏற்றாவிட்டால் நாங்களே கேட்டு வாங்குவோம். எனக்கும் அம்மா கேட்டுத்தான் ஏற்றினார்கள். அந்தப் பாட்டில் பாதி இறங்கியது வரை எனக்கு நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்தது சுகுமார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் நான் ஏதேதோ பேச ஆரம்பித்தேனாம். குழந்தை அழுதது, நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். தெருப்பெண்கள் கூடி எலுமிச்சம்பழம் அறுக்கச் சொன்னார்கள். ஷிப்ட் பாதியில் கிளம்பி வந்த சுகுமார், “பழத்த நீங்களே ஜூஸ் போட்டுக் குடிங்கக்கா” என்று சொல்லிவிட்டு, தெரிந்தவர் காரில் என்னைத் திருவள்ளூருக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து என் மாமியாரும் வந்துவிட்டார். அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன்.

இளம்பெண் டாக்டர் ஒருவர் விரலை என் முகத்துக்கு நேரே நீட்டி, இங்கும் அங்கும் அசைத்து, கண்ணால் பின்தொடரச் சொன்னார். என் கண் பின்தொடரவில்லை, நின்ற இடத்திலேயே துடித்ததாம். பிறகு கேள்விகள்.

“உங்க பேர் என்னம்மா?”

“ரேவதி.”

“இது எந்த இடம்?”

“கம்பெனி கேன்டீன்.”

“உங்க குழந்தை எங்கே?”

“ஸ்கூலுக்குப் போயிருக்கு. இப்பதான் வேன்ல ஏத்திட்டு வந்தேன்.”

அப்போது அத்தை பச்சைக் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு என் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். நான் அதைச் சொன்னதும் இரண்டடி பின்னால் நகர்ந்தாராம். அந்த இரண்டடியை மறுபடி கடப்பதற்கு நான் பட்ட பாடுதான் இந்தக் கட்டுரை.

டாக்டர் அம்மாவிடம் திரும்பி, நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். அம்மாவுக்கு அது பெருமையான கேள்வி.

“அவுளுக்கு நான் ஒரு கொறையும் வெக்கல மேடம். ரேசன் அரிசிய கண்ணுல காட்டல. ரெண்டு பாலிசு போட்ட பச்சரிசி. ஏழு தண்ணி ஊத்திக் கழுவுவேன்.”

“வடிச்ச கஞ்சி?”

“அய்ய, அத யாரு குடுப்பா? எருமைக்கு.”

“பருப்பு, மீன், முட்டை?”

“எதுவுமே கெடையாது மேடம், சுத்த பத்தியம்” என்று அம்மா நிமிர்ந்து நின்று சொன்னாளாம். டாக்டர் அவளைத் திட்டவில்லை. “கர்ப்பத்துல வாந்தி இருந்ததா?” என்று மட்டும் கேட்டார். சுகுமார் சொன்னார். உடனே டாக்டர் நர்ஸிடம், “குளுக்கோஸ் எதுவும் போடாதீங்க. முதல்ல தயமின், அப்புறம்தான் மத்ததெல்லாம்” என்றார்.

தயமின் என்பது பி ஒன் வைட்டமின். எனக்குப் பிற்பாடு டாக்டர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். மூளைக்குத் தீனி சர்க்கரைதான், ஆனால் அந்தச் சர்க்கரையை எரிக்க பி ஒன் வேண்டும். அடுப்பில் விறகு இருந்து தீக்குச்சி இல்லாததுபோல. பி ஒன்னை உடம்பு அதிகம் சேமித்து வைக்காது. வரவு நின்றால் சில வாரங்களில் காலி. தானியத்தில் அது தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. பாலிஷ் போட்டால் பெரும்பகுதி போய்விடும். மிச்சத்தில் கழுவும்போது கொஞ்சம், வடிக்கும்போது கொஞ்சம். புழுங்கல் அரிசியாக இருந்தாலாவது நெல்லை அவிக்கும்போதே தவிட்டுச் சத்து ஓரளவு உள்ளே இறங்கியிருக்கும், எங்களுடையது பச்சரிசி. வெற்றிலையோடு மென்ற பாக்கு வேறு, இருக்கிற சத்தையும் உடம்பில் சேரவிடாதாம். பல மாத வாந்தியில் ஏற்கெனவே காலியாக இருந்த எனக்கு, தீக்குச்சியே இல்லாத நேரத்தில் ஒரு பாட்டில் நிறைய விறகைக் கொட்டினார்கள். இருந்த கடைசிக் குச்சியும் அதில் தீர்ந்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் நடுப்பகுதியில், நினைவைப் பார்த்துக்கொள்ளும் இடங்களில், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது. அங்கேயும் வெள்ளை. சுகுமாருக்கு அதைக் காட்டி டாக்டர் சொன்னது: “கண் சீக்கிரம் சரியாகும். நடை மெதுவா வரும். ஞாபகம் எவ்வளவு திரும்பும்னு இப்ப நான் வாக்குக் குடுக்க முடியாது.”

ஊசி நரம்பு வழியாக ஒரு நாளில் பல தடவை ஏறியது. குழந்தைக்கும் சோதனை செய்தார்கள். தாய்ப்பாலில் இல்லாதது அவளுக்கு எங்கிருந்து கிடைக்கும்? அவளுக்கும் மருந்து கொடுத்தார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை எழுதும்போதும் ஒரு தடவை எழுந்துபோய் அவளைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

கண் விழித்தபோது எனக்குத் தெரிந்த முதல் விஷயம் மின்விசிறி. ஒரே ஒரு மின்விசிறி. நேற்றுவரை இரண்டு இருந்ததே என்று யோசித்தேன். பிறகு மார்பு கட்டிக்கொண்டு வலித்தது. “பாப்பா எங்கே?” என்று கேட்டேன்.

சுகுமார் என் நெற்றியைத் தடவினார். “எங்கம்மாகிட்ட கீது. நல்லா கீது.”

“கொண்டாங்க.”

அவர் எழுந்து வெளியே போனார். கதவுக்கு அந்தப் பக்கம் அத்தையின் குரல் எனக்கு நன்றாகவே கேட்டது.

“இன்னாடா பேசற நீ? பெத்த கொழந்த எங்கன்னு கேட்டா இஸ்கூலுக்கு போச்சுங்கறா. அவ கையில பச்சப் புள்ளயக் குடுக்கறதா? தல சரியாவட்டும். நான் டப்பா பால் குடுத்துக்கறேன்.”

“டாக்டரம்மா குடுக்கலாம்னுதான் சொல்றாங்க.”

“டாக்டரம்மா சொல்லிட்டுப் போயிடுவாங்க. இவ கொழந்தய கீய உட்டா யாரு பதில் சொல்றது?”

அத்தை கெட்டவர் இல்லை. இதை நான் கடனுக்குச் சொல்லவில்லை. கும்மிடிப்பூண்டிக்கும் திருவள்ளூருக்கும் அலைந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் கைக்குழந்தையோடு கிடந்தவர் அவர்தான். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். அதையேதான் செய்திருப்பேன். ஆனாலும் என் குழந்தை எனக்கு வேண்டும்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே வேலை. என் தலையை நான் திரும்ப வாங்க வேண்டும், அதை அத்தை பார்க்கும்படி வாங்க வேண்டும்.

நடைப்பயிற்சிக்கு சுகுமார் என் இடுப்பில் துண்டைக் கட்டி, பின்னால் அதன் முனையைப் பிடித்துக்கொண்டு வருவார். நான் காலை அகட்டி வைத்து, கள் குடித்தவன் மாதிரி நடப்பேன். பக்கத்துக் கட்டிலில் வாதம் வந்து படுத்திருந்த ஒரு அக்கா, கோணிய வாயோடு சிரித்து, “இன்னா தம்பி, மாட்ட சந்தைக்கு ஓட்டிக்கினு போறியா?” என்றார்.

“விலை படியலக்கா, திருப்பிக் கூட்டினு வந்துட்டேன்” என்றார் சுகுமார்.

வார்டே சிரித்தது. எனக்கு மட்டும் அழுகை வந்தது. அழுதுகொண்டே இன்னொரு சுற்று நடந்தேன். ஆலையில் அவருக்குச் சம்பளப் பிடித்தம், ஓவர்டைம் போனது, வெளியே எழுதிக் கொடுத்த மருந்துகள் என்று கவலைகள் அவருக்கு நிறைய இருந்தன. ஒன்றையும் என் காதில் போடவில்லை. பேஜார் என்ற வார்த்தையை நிமிஷத்துக்கு ஒரு தடவை சொல்லுகிற மனிதர் அந்த நாட்களில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

நடை பரவாயில்லை. நினைவுதான் என்னைக் கேவலப்படுத்தியது. டாக்டர் காலையில் வந்து மூன்று வார்த்தை சொல்வார்: பூட்டு, முருங்கைக்காய், ரயில். வேறு ஏதேதோ பேசிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அந்த மூன்றையும் கேட்பார். முதல் தடவை நான் தயக்கமே இல்லாமல், “கத்தரிக்காய், சைக்கிள், குடை” என்றேன். பொய் சொல்கிறோம் என்றே எனக்குத் தெரியவில்லை. நினைவில் ஓட்டை விழுந்தால் மூளை கையில் கிடைத்ததை வைத்து அந்த ஓட்டையை அடைக்குமாம். பள்ளிக்கூட வேன், கம்பெனி கேன்டீன் எல்லாம் அப்படி அடைத்ததுதான். இதைக் கேட்டபோது எனக்கு வந்த பயத்தை எப்படிச் சொல்வது? மறதியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் தலை எனக்கே கதை கட்டுகிறது என்றால், எதை நம்பிக் குழந்தைக்குப் பால் கலப்பேன், எதை நம்பி மருந்து கொடுப்பேன்?

மறுபடி ஒரு காலை. இந்த முறை அத்தையும் வார்டுக்குள் வந்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கால்மாட்டில் நின்றார். வேறு மூன்று வார்த்தைகள். டாக்டர் என்னைப் பேசவிட்டுப் பிறகு கேட்டார்.

“சொல்லுங்க ரேவதி.”

“தேங்காய்... கடிதம்...” மூன்றாவது வரவில்லை. அத்தை பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரின் முதுகுக்குப் பின்னால் நின்ற சுகுமார் கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் என்னென்னவோ ஜாடை காட்டினார். குடையா? தொப்பியா? கூரையா? ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம், சரியாக இருந்தாலும் இருக்கும். கம்பெனியில் அளவு சந்தேகமான பாகம் கையில் வந்தால் ‘ஓகே’ பெட்டியிலும் போடக் கூடாது, கழிவிலும் போடக் கூடாது, தனியாக எடுத்து வைத்துவிட்டுச் சொல்ல வேண்டும். அது நினைவுக்கு வந்தது.

“நீங்க கைய கீழ போடுங்க” என்று சுகுமாரிடம் சொன்னேன். பிறகு டாக்டரிடம், “மூணாவது தெரியலை மேடம். ஏதோ ஒண்ணு இருந்துச்சு. என்னன்னு தெரியலை.”

டாக்டர் திரும்பிச் சுகுமாரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு என் தோளில் தட்டினார். “இதுதான் எனக்கு வேணும். போன தடவை தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொன்னீங்க. இன்னிக்குத் தெரியலைன்னு உங்களுக்கே தெரியுது. இனி பயமில்லாம பால் குடுக்கலாம்.”

அத்தை மட்டும் அசையவில்லை. “மூணுல ஒண்ணு தெரியலயே மேடம்” என்றார்.

“தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றேன் இல்ல அத்தை? குடுங்க” என்று கையை நீட்டினேன். நீட்டிய கையை மடக்கவில்லை.

குழந்தையைத் தந்தார். பால் குடிக்கும்வரை என் முழங்கைக்குக் கீழே தன் கையையும் வைத்துக்கொண்டார். குடித்து முடித்ததும் எடுத்துக்கொண்டார். மீதி நாட்களும் அப்படியே நடந்தன. பசிக்கு மட்டும் நான் அம்மா, மற்றதற்கெல்லாம் அத்தை.

என் அம்மா இந்த நாட்களில் வார்டுக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் அவளைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். ஒருவர் விடாமல் ஏதோ ஒன்று சொல்லிவிட்டு வந்தார்கள். ‘பெத்தவளே இப்படிப் பண்ணலாமா?’ என்று ஒருவர் கேட்டது எனக்கே கேட்டது. நான் துண்டு கட்டின இடுப்போடு சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனேன்.

“எங்கம்மா விஷமா வெச்சாங்க? ஊருல எல்லாரும் வெக்கற பத்தியத்ததான வெச்சாங்க? உங்க மருமகளுக்கு நீங்க இன்னா வெச்சீங்க, அதச் சொல்லுங்க” என்று கேட்டேன். அவர் கையிலிருந்த ஆரஞ்சுப் பையை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். பெரியவர்களிடம் அப்படிப் பேசினது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பேசியிருக்கக் கூடாதோ என்று அன்று முழுக்க உறுத்தியது. இப்போது உறுத்தவில்லை.

டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டர் மாத்திரை எழுதித் தந்தார். கூடவே சாப்பாட்டையும் சொன்னார்: தவிடு போகாத அரிசி, கேழ்வரகு, கம்பு, முழுக் கோதுமை, பருப்பு, முட்டை, மீன். பாக்கு கூடாது. அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“கேவுரா?” என்றாள் என்னிடம். “நானு உனுக்குக் கேவுரு கூழு ஊத்தணுமா? எத்தினி ஊட்டுப் பின்வாசல்ல சொம்பு ஏந்திக்கினு நின்னு குடிச்சது அது, தெரியுமா உனுக்கு? எம்பொண்ணு அதக் குடிக்கக் கூடாதுன்னுதான்...”

“நான் எந்த வாசல்லயும் நிக்கலயேம்மா. நம்ம ஊட்டு அடுப்புல, நம்ம காசுல வாங்கினது. ஊத்து.”

வழக்கப்படி நான் அவளோடு பொன்னேரிக்குத் திரும்பியிருக்க வேண்டும். மூன்றாம் மாதம் சீர் வைத்துத்தான் குழந்தையை அனுப்புவார்கள். நான் போகவில்லை. குழந்தையைத் தன்னோடுதான் கொண்டுபோவேன் என்று அத்தை சொல்லிவிட்டார். குழந்தை கும்மிடிப்பூண்டியில் அத்தையோடு இருக்கும் என்றால் நானும் கும்மிடிப்பூண்டியில்தான் இருப்பேன் என்றேன். சம்பிரதாயம் தெரியாதவள் என்றார்கள். அம்மா மூன்றாம் நாளே ரயிலேறி வந்துவிட்டாள், கையில் தூக்குவாளியோடு. உள்ளே மோர் விட்டுக் கரைத்த கூழ், மேலே சின்ன வெங்காயம். நான் குடிப்பதை அவள் பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகும் அவள் வந்துகொண்டுதான் இருக்கிறாள்.

இப்போது என் போனுக்குத் தினம் செய்திகள் வருகின்றன. சிறுதானியம் மூளையைக் காக்கும், நம் முன்னோர் முட்டாள்கள் அல்ல, மருந்தே வேண்டாம் என்று. அனுப்புகிறவர்களுக்கு என் பதில் இதுதான். என்னை எழுப்பியது கூழ் இல்லை, ஊசி. கண் ஆடுகிறது, நடை தள்ளாடுகிறது, பேச்சு குழம்புகிறது என்றால் கேழ்வரகு தேடிப் போகாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும், எவ்வளவு வாந்தி எடுத்தீர்கள் என்பதையும் அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். மறுபடி அங்கே போய்ச் சேராமல் இருப்பதற்குத்தான் தவிட்டோடு கூடிய தானியம். முன்னோர் பெருமையும் எனக்கு வேண்டாம். எங்கள் முன்னோர் கூழ் குடித்தது அறிவினால் இல்லை; அரிசியை அவர்களுக்கு யாரும் கொடுக்கவில்லை. நான் குடிப்பது, அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்து.

பிரசவமான பெண்ணுக்கு வயிறு நிறையக் கொடுங்கள். பருப்பு கொடுங்கள், முட்டை கொடுங்கள். அரிசியை லேசாகக் கழுவினால் போதும். யாராவது சண்டைக்கு வந்தால் என்னைக் காட்டுங்கள்.

வீட்டில் என் சண்டை மட்டும் முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது. கண் சரியாகிவிட்டது. நடை நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வந்துவிட்டது. ஞாபகம் அப்படி இல்லை. நேற்றுச் சொன்னதில் சில நிற்கும், சில நிற்காது. அத்தை வெளியே போக வேண்டும் என்றால் குழந்தையைத் தூக்கிக்கொண்டே போனார், ரேஷன் கடை வரிசையிலும் என் குழந்தை நின்றது. எதிர்த்துக் கேட்க என்னிடம் என்ன இருந்தது? உனக்கு எல்லாம் நினைவிருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

போன வாரம் கடம்பத்தூரில் ஒரு நிச்சயதார்த்தம். சுகுமார் காலை ஷிப்ட். அத்தை பட்டுப்புடவை கட்டி, குழந்தைக்குப் புதுச் சட்டை போட்டு, பையில் பிளாஸ்க், துணி எல்லாம் வைத்து இடுப்பில் தூக்கிக்கொண்டார். வெயில் ஏறிவிட்டது. அங்கே போக சென்னைக்குப் போய் ரயில் மாற வேண்டும்.

“பாப்பாவ உட்டுட்டுப் போங்க அத்தை” என்றேன்.

“தனியாவா?”

“நான் இருக்கேன் இல்ல?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “மாத்திர போட்டியா?”

“போட்டேன்.”

“பாப்பா எப்பக் கடைசியாப் பால் குடிச்சா?”

“நீங்க பூ வெச்சிகினு இருந்தப்ப. இடது பக்கம்.”

“அடுப்ப அணைச்சியா?”

வாயில் ‘அணைச்சிட்டேன்’ என்று வந்துவிட்டது. வழுவழுவென்று, யோசிக்காமலே வந்தது. அப்படி வருகிற பதில்களை நான் இப்போதெல்லாம் நம்புவதில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டேன். அத்தையின் கை குழந்தையின் முதுகில் இறுகியதைப் பார்த்தேன்.

“தெரியலை அத்தை. போய்ப் பாத்துட்டு வரேன்.”

சமையலறைக்குள் போனேன். சாம்பார்ச் சட்டி அடியில் சின்னத் தீ எரிந்துகொண்டிருந்தது. அணைத்தேன். சிலிண்டர் திருகையும் மூடினேன். பொய் சொல்ல இன்னும் நேரம் இருந்தது. அங்கிருந்து கூடத்துக்கு எட்டு வைக்கும்போது, இதோடு எல்லாம் போச்சு, இனிமேல் பாப்பா என் கையில் வரப்போவதே இல்லை என்றுதான் நினைத்தேன்.

“எரிஞ்சுகினுதான் இருந்துச்சு. அணைச்சிட்டேன். சிலிண்டரையும் மூடிட்டேன்.”

வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

“நானே நேத்து ரசத்த வெச்சிட்டு டிவி முன்னாடி குந்திட்டேன். சட்டியே கருகிப் போச்சு” என்றார் அத்தை, யாரிடமோ சொல்வதுபோல. “அத ஒருத்தரும் ஸ்கேன் எடுக்கல.”

இடுப்பிலிருந்து குழந்தையை இறக்கி என் கையில் கொடுத்தார். இந்த முறை என் முழங்கைக்குக் கீழே அவர் கை வரவில்லை. புதுச் சட்டையின் ஊக்கு அவளைக் குத்துமோ என்று ஒரு தடவை சரிபார்த்துவிட்டு, பாப்பாவின் பிளாஸ்க்கையும் துணியையும் வெளியே எடுத்து வைத்து, பையை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

நான் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். போட்டேனா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.